கதிரவன் கோயிலும் கதிரவன் விளக்கும்

விளக்கை ஏற்றுதல் எளிது. ஏற்றிய விளக்கை அணையாமல் காத்தல் அரிது. அதுவும் ஊருக்குப் பொதுவான விளக்கென்றால், அருமை இன்னும் மிகுதி. வீட்டு விளக்குக்கு எண்ணெய் வார்க்க வீட்டார் இருக்கின்றனர். பொது விளக்குக்கு வார்ப்பவர் யார்? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தனக்கியன்ற விடையைக் கண்டு வந்திருக்கிறது. அத்தகைய விடை ஒன்றைக் கூர்ச்சர நாட்டில், மொதெரா என்னும் சிற்றூரில், இன்று நாம் காண்கிறோம்.

அகமதாபாத்தின் மணிநகர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுக்கு மொதெரா தொலைவான ஊர் அன்று. வடக்கு நோக்கி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால், மெகசானா மாவட்டத்தில், புஷ்பாவதி ஆற்றின் கரையில் அவ்வூர் அமைந்திருக்கிறது. அங்கே கதிரவனுக்கென எழுந்த பழங்கோயில் ஒன்று உண்டு. அதனைச் சோலங்கி மரபின் முதலாம் பீமதேவன் காலத்ததாகக் கொள்வர். கருவறையின் புறச்சுவரில் தலைகீழாகப் பொறிக்கப்பட்ட கல்லொன்று, விக்கிரம ஆண்டு 1083 எனக் கூறுகிறது. நம் கணக்கில் அது கி.பி. 1026-27 ஆகும். கஜினி மாமூது சோமநாதத்தைச் சூறையாடிச் சென்ற சுவடு அப்போது மறைந்திருக்கவில்லை. தெற்கே, முதலாம் இராசேந்திர சோழன் கங்கை கொண்ட புகழோடு ஆண்டுகொண்டிருந்த காலமும் அதுவே.

கோயிலின் முன்னே படிக்கட்டுகள் சூழ்ந்த பெருங்குளம். அதன் படிகளெங்கும் சிறு சிறு கோயில்கள். குளத்துக்கும் கருவறைக்கும் இடையே 52 தூண்கள் தாங்கும் சபாமண்டபம். பகலும் இரவும் சமமாகும் நாளில், எழுஞாயிற்றின் கதிர் கருவறைக்குள் புகும்படி அனைத்தையும் கிழக்கு நோக்கி அமைத்தனர். ஆனால் இன்று அக்கருவறை வெறுமையாக உள்ளது. திருமேனி இல்லை; வழிபாடு இல்லை; விமானமும் இடிந்துவிட்டது. பகலில் கதிரவன் வந்து போனாலும், இரவில் ஏற்றி வைக்க ஒரு விளக்கும் இன்றிக் கோயில் பன்னெடுங்காலம் கிடந்தது.

கோயில் விளக்கு அணையாதிருக்க நம் முன்னோர் செய்த ஏற்பாட்டை ஈண்டு நினைவுகூர்தல் தகும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஒரு நுந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கைக் காண்கிறோம். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். மூத்த ஆடு மடிந்தால் குட்டி அவ்விடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆதலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். விளக்கை மட்டும் கொடுத்து ஒதுங்கிவிடாமல், நெய்யின் ஊற்றையும் அதைக் காக்கும் ஆளையும் சேர்த்தே கொடுத்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

இனி, மொதெராவின் புதிய விளக்குக்கு வருவோம். ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் என்பதை பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரெல் 1839இல் கண்டார். அக்கண்டுபிடிப்பு வழக்கில் பயன்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கான் தகட்டினால் கதிரொளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக மாற்றிக் காட்டினர். அதன்பின் வளர்ச்சி விரைந்தது. மொதெராவுக்கு அண்டையிலுள்ள பாட்டண் மாவட்டத்தின் சாரங்கா என்னுமிடத்தில் 2012இல் பெரியதொரு சூரியமின் பூங்கா திறக்கப்பட்டது. 2022 அக்டோபர் 9ஆம் நாள், இரவும் பகலும் சூரியமின்னாற்றலால் இயங்கும் இந்தியாவின் முதற் சிற்றூர் என மொதெரா அறிவிக்கப்பட்டது.

ஏற்பாடு இது. அருகிலுள்ள சுஜ்ஜன்புராவில் 6 மெகாவாட் திறனுள்ள சூரியமின் நிலையம் நிறுவப்பட்டது. வீடுகளின் கூரைகள்மீது தலா 1 கிலோவாட் திறனுள்ள அமைப்புகள் 1,300க்கு மேல் பொருத்தப்பட்டன. பகலில் மிஞ்சும் ஆற்றலைத் தேக்கிவைக்க 15 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரித் தொகுதி அமைந்தது. கதிரவன் மறைந்தபின் ஊர் அத்தேக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அத்தேக்கத்தால் பழங்கோயிலும் ஒளி பெற்றது. மாலை இருண்டதும் ஒளிவீசும் கருவிகள் கோயிலின் கற்சுவர்மீது உருவங்களைப் படரவிடுகின்றன. கோயிலின் வரலாறு அக்கல்லின்மீதே காட்சியாக விரிகிறது. கல்லில் ஆணி அறையவில்லை, வண்ணம் பூசவில்லை. ஒளி வருகிறது, கதை சொல்கிறது, நீங்குகிறது. கதிரவனுக்கு எழுப்பிய கோயிலைக் கதிரவன் தந்த ஒளியே இரவிலும் காட்டுகிறது என்பது எவரையும் கவரும் பொருத்தமே.

எனினும் மொதெராவின் சிறப்பு இப்பொருத்தத்தோடு முடிந்துவிடவில்லை. கோயிற் சுவரில் வண்ண ஒளி ஆட, சுற்றியுள்ள வீடுகள் இருளில் கிடந்திருந்தால், அது வந்துபோவோர்க்குரிய வேடிக்கையாகவே நின்றிருக்கும். இங்கே கோயிலும் குடியிருப்பும் ஓர் ஊற்றிலிருந்தே ஒளி பெறுகின்றன. கோயிலைக் காணவரும் வெளியூரார் மகிழும் அதே வேளையில், உள்ளூர்ச் சிறுவன் தன் வீட்டு விளக்கின்கீழ்ப் பாடம் படிக்கிறான். பொதுக்கலை மக்களுடையதாகும் வழி இதுதான்.

ஆயினும் முதலில் எழுப்பிய வினா இன்னும் எஞ்சி நிற்கிறது. எண்ணெய் வார்ப்பவர் யார்? கதிரொளிக்கு விலை இல்லை; ஆனால் காவல் வேண்டும். தகட்டில் புழுதி படிந்தால் மின்சாரம் குறையும். பேட்டரி ஆண்டுதோறும் வலிமை இழந்து, ஒருநாள் மாற்றவேண்டிய நிலைக்கு வரும். ஆட்டு மந்தைபோல் அது தானே குட்டி போட்டு நிரப்பிக்கொள்வதில்லை. நாம் வாழும் நகரங்களிலும், பேட்டரி ஓய்ந்து வெறுந்தூணாய் நிற்கும் சூரிய விளக்குகளைத் தெருமுனைகளில் காண்கிறோம். அவற்றை நட்டபோது திறப்புவிழா இருந்தது; பிற்காலப் பேணலுக்கு மட்டும் ஏற்பாடு இல்லை.

ஆகவே, நம் தெருவிலோ பூங்காவிலோ இத்தகைய விளக்கோ ஒளிக்கலையோ அமையும்போது, அதன் அழகை வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. தகட்டைத் துடைப்பவர் யார், பழுதைப் பார்ப்பவர் யார், பத்தாண்டு கழித்துப் புதுப் பேட்டரிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். அவ்வூரின் மொழி வேறாயினும், அத்தெருவில் வாழும் நமக்கும் அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு. தகட்டைத் துடைப்பதில் பங்குகொள்ளும் கடமையும் உண்டு.