மின்மசு

மின்மசு என்பது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் விண்பறப்பு உருவகப்படுத்தல் விளையாட்டில் இடம்பெறும் ஒரு கற்பனைத் துணைக்கோள் ஆகும். இது அவ்விளையாட்டின் தாய்க்கோளான கெர்பினைச் சுற்றிவரும் இரு நிலவுகளுள் சிறியதும் தொலைவில் உள்ளதும் ஆகும். வெளிர்பச்சை நிறமும், உறைந்த ஏரிகளைப் போன்ற தட்டையான சமவெளிகளும் இதன் அடையாளங்கள். மிகத் தொலைவில் இருந்தும் அருகிலுள்ள நிலவைவிடக் குறைந்த எரிபொருளில் தரையிறங்கக்கூடிய இடமாக இது விளங்குகிறது. விண்பயணத்தில் தொலைவும் செலவும் ஒன்றல்ல என்பதை விளக்க மின்மசு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தரவுகள்

* ஆரம்: 60 கி.மீ.
* சுற்றுப்பாதை ஆரம்: 47,000 கி.மீ.
* சுற்றுப்பாதைச் சாய்வு: 6 பாகை
* சுற்றுக்காலம்: 10,77,311 நொடி (சுமார் 12.5 புவி நாட்கள்)
* தற்சுழற்சிக் காலம்: 11 மணி 13 நிமிடம் 20 நொடி
* மேற்பரப்பு ஈர்ப்பு முடுக்கம்: 0.491 மீ/நொடி² (புவியில் 20-இல் ஒரு பங்கு)
* விடுபடு திசைவேகம்: சுமார் 243 மீ/நொடி
* வளிமண்டலம்: இல்லை

பின்னணி

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. இதன் முதன்மை உருவாக்குநர் ஃபெலிப்பே ஃபலாங்கே ஆவார். இவ்விளையாட்டு 2011 ஜூன் 24 அன்று முதன்முதலாகப் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. கெர்பினின் முதல் நிலவாகிய மன் தொடக்கக்கால வெளியீடுகளிலேயே இடம்பெற்றது. மின்மசு 2012-இல் சேர்க்கப்பட்டது. விளையாட்டின் முழுமையான முதற் பதிப்பு 2015 ஏப்ரல் 27 அன்று வெளியானது. 2023 பெப்ரவரியில் முன்னோட்டமாக வெளிவந்த இரண்டாம் விளையாட்டிலும் மின்மசு இடம்பெற்றது.

விளையாடுபவர் ஏவூர்தியைத் தாமே வடிவமைத்து, கெர்பல்கள் எனப்படும் சிறிய பச்சை நிற மாந்தரை விண்ணுக்கு அனுப்ப வேண்டும். கலங்களின் இயக்கம் நியூட்டனின் விதிகளைத் தழுவிக் கணிக்கப்படுவதால் இவ்விளையாட்டு வகுப்பறைகளிலும் பயன்பட்டுள்ளது.

அளவு

மின்மசுவின் விட்டம் 120 கி.மீ. முன்னாள் பிரெஞ்சுப் பகுதிகளான புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 110 கி.மீ. ஆகும். எனவே இவ்விரு நகரங்களுக்கு இடையே வைத்தால், மின்மசுவின் உருண்டை இரு முனைகளிலும் சற்றே நீண்டிருக்கும். இதன் மேற்பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கி.மீ.; இது தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்று அதிகம்.

நில அமைப்பு

மேற்பரப்பு, விளையாட்டில் ஒன்பது நில வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மேட்டுநிலம், இடைநிலம், தாழ்நிலம், சரிவுகள், துருவங்கள் ஆகியவற்றோடு நான்கு வகைச் சமவெளிகளும் உள்ளன. இச்சமவெளிகள் யாவும் சரியாகச் சுழிய உயரத்தில், கண்ணாடித் தளம்போல் அமைந்தவை. சாய்வு இல்லாததால் புதிதாக விளையாடுவோர் தரையிறங்க இவற்றையே தேர்கின்றனர். மேட்டுநிலங்களோ 5 கி.மீ.க்கு மேல் உயர்ந்துள்ளன.

ஈர்ப்பு மிகக் குறைவு என்பதால் இங்கு அனைத்தும் மெதுவாகவே விழும். புவியில் 10 மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் பொருள் சுமார் 1.4 நொடியில் தரையைத் தொடும். மின்மசுவில் அதற்கு 6.4 நொடி ஆகும். புவியில் 60 கிலோ நிறையுள்ள ஒருவர் இங்கு 3 கிலோ எடையையே உணர்வார். மறுபுறம், இக்குறைந்த ஈர்ப்பால் ஊர்திகளின் சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறைகிறது. விரைந்து திரும்பும் ஊர்திகள் எளிதில் கவிழ்கின்றன. விண்ணுடையில் பொருத்தப்பட்ட சிறு உந்துகருவியை மட்டும் கொண்டே ஒரு கெர்பல் இங்கிருந்து சுற்றுப்பாதைக்கு எழும்பிவிட முடியும்.

பயணமும் செலவும்

விண்பயணத்தின் செலவு கிலோமீட்டரில் அளக்கப்படுவதில்லை. ஒரு கலம் தன் திசைவேகத்தை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதே அளவுகோல். இது திசைவேக மாற்றம் அல்லது டெல்டா-வி எனப்படும். கெர்பினின் தாழ்சுற்றுப்பாதையிலிருந்து இரு நிலவுகளுக்கும் ஆகும் செலவு, தோராயமாகப் பின்வருமாறு:

* மன் (தொலைவு 12,000 கி.மீ.): செல்ல 860, சுற்றுப்பாதையில் நிலைக்க 310, தரையிறங்க 580, மொத்தம் 1,750 மீ/நொடி
* மின்மசு (தொலைவு 47,000 கி.மீ.): செல்ல 930, சுற்றுப்பாதையில் நிலைக்க 160, தரையிறங்க 180, மொத்தம் 1,270 மீ/நொடி

மின்மசு ஏறக்குறைய நான்கு மடங்கு தொலைவில் இருந்தும், அதை எட்டுவதற்கு நொடிக்கு 70 மீட்டர் மட்டுமே கூடுதலாகத் தேவைப்படுகிறது. தாய்க்கோளின் ஈர்ப்பிலிருந்து பெருமளவு விடுபட்ட பின் எஞ்சிய தொலைவைக் கடக்கச் சிறிது வேகமே போதும் என்பதே இதற்குக் காரணம். செலவை உயர்த்துவது சென்றடையும் இடத்தின் ஈர்ப்பாகும். மன் நிலவின் ஈர்ப்பு மின்மசுவினதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் வலியது. இறங்கும்போதும் ஏறும்போதும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆகவே திரும்பும் பயணத்தில் வேறுபாடு மேலும் தெளிவாகிறது: மன் நிலவிலிருந்து கெர்பினுக்கு மீளச் சுமார் 890 மீ/நொடி வேண்டும், மின்மசுவிலிருந்து 340 போதும்.

மிச்சமாகும் எரிபொருளுக்கு விலையாகக் காலத்தைக் கொடுக்க வேண்டியுள்ளது. மன் நிலவை ஏழெட்டு மணி நேரத்தில் அடையலாம். மின்மசுவை அடைய ஏறத்தாழ 54 மணி நேரம் ஆகும். மேலும் மின்மசுவின் பாதை 6 பாகை சாய்ந்திருப்பதால் குறிவைத்தல் சற்றுக் கடினம். கலத்தின் பாதைத் தளத்தைக் கெர்பினுக்கு அருகிலேயே திருப்பினால் சுமார் 240 மீ/நொடி செலவாகும். கலத்தின் வேகம் குறைந்துள்ள தொலைவிடத்தில் அதே திருப்பம் மிகக் குறைந்த செலவில் முடிந்துவிடும்.

இந்தியாவின் சந்திரயான்-3 இதே கணக்கை மெய்யாக்கிக் காட்டியது. 1969-இல் அப்பல்லோ 11 ஏவப்பட்ட மூன்றே நாட்களில் நிலவின் சுற்றுப்பாதையை அடைந்தது. 2023 ஜூலை 14 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சந்திரயான்-3, புவியைச் சுற்றியபடியே படிப்படியாகத் தன் பாதையை உயர்த்தி, ஆகஸ்ட் 5 அன்றுதான் நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கியது. அப்பல்லோவைச் சுமந்த சாட்டர்ன் 5-ஐவிட மிகச் சிறிய ஏவூர்தியைக் கொண்டே இது நிறைவேறியது. இத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள விழுப்புரத்தைச் சேர்ந்தவர்.

இயற்பியல் முரண்கள்

மின்மசு போன்ற ஒரு நிலவு இயற்கையில் இருக்க இயலாது. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது அடர்த்தி. விளையாட்டில் தரப்படும் நிறையையும் ஆரத்தையும் கொண்டு கணக்கிட்டால், மின்மசுவின் அடர்த்தி நீரைப்போல் 29 மடங்கு ஆகிறது. தனிமங்களுள் மிக அடர்ந்த ஆஸ்மியத்தின் அடர்த்தியே நீரைப்போல் 22.6 மடங்குதான். பயண நேரத்தைக் குறைக்கும் பொருட்டுக் கோள்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டு, ஈர்ப்பு மட்டும் இயல்பான அளவில் வைக்கப்பட்டதன் விளைவு இது. ஒப்பீட்டுக்கு, சனிக்கோளின் பனி நிலவான என்சலடசின் ஆரம் 252 கி.மீ.; ஆயினும் அதன் ஈர்ப்பு முடுக்கம் 0.113 மீ/நொடி² மட்டுமே.

இரண்டாவது வடிவம். தன் ஈர்ப்பால் உருண்டையாகத் திரண்ட வான்பொருட்களுள் அறியப்பட்ட மிகச் சிறியது, சுமார் 198 கி.மீ. ஆரமுள்ள மிமாசு என்னும் சனியின் நிலவு ஆகும். 60 கி.மீ. ஆரமுள்ள பனித்திரள் ஒழுங்கற்ற வடிவிலேயே இருக்கும்.

மூன்றாவது பனி. கெர்பினுக்குக் கிடைக்கும் கதிரொளியின் செறிவு புவிக்குக் கிடைப்பதை ஒத்தது. வளிமண்டலம் இல்லாத இடத்தில், இவ்வளவு ஒளிபடும் திறந்த சமவெளியில் உறைபனி நிலைக்காது. உருகி நீராகாமலே ஆவியாகிப் பதங்கமாகிவிடும். நம் நிலவிலும் இதுவே நிலை. அங்கு உறைபனி, துருவங்களை அடுத்து, கதிரொளி ஒருபோதும் படாத பள்ளங்களில் −160 °C-க்கும் கீழான குளிரில் நிலைத்துள்ளது. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் கருவி, நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் அடையாளத்தைக் கண்டது. இது 2009 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அக்கருவியின் தரவுகளைக் கொண்டு, துருவப் பகுதிகளில் உறைபனி வெளிப்பட்டிருப்பது 2018-இல் உறுதிசெய்யப்பட்டது.

எரிபொருள் நிலையமாக

2015-இல் வெளியான முதற் பதிப்பில் கனிமத்தை அகழ்ந்து எரிபொருளாக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அதன்பின் மின்மசு ஓர் எரிபொருள் நிலையமாகப் பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. இங்கு நிரப்பிய கலத்தை மேலே எழுப்புவதற்கு மிகக் குறைந்த உந்தமே தேவை. எனவே பிற கோள்களுக்கான நெடும்பயணங்கள் பல இங்கிருந்து தொடங்குகின்றன. நிலவின் துருவப் பனியை அகழ்ந்து, அதன் நீரை ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரித்து எரிபொருளாக்கலாம் என்னும் மெய்யான திட்டங்களும் இதே கணக்கின் மேல் எழுந்தவையே.

இவற்றையும் பார்க்க

* என்சலடசு
* சந்திரயான்-1
* சந்திரயான்-3
* விடுபடு திசைவேகம்
* பதங்கமாதல்