சாளையும் ஆசிரமமும்

எங்க ஊர்ப்பக்கம் குடிசை என்று சொல்ல மாட்டார்கள். சாளை. தோட்டத்துக்குள் ஒரு சாளை, கட்டுத்தரைக்குப் பக்கத்தில் ஒரு சாளை. "ஓட்டு ஊடு வெயிலுக்கு வேகும் சாமி, சாளைக்குள்ள வந்து படு" என்பார் அமுச்சி. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்த அழைப்பின் அருமை புரியும்.

சாளையின் கட்டுமானம் எளிமையானது, ஆனால் ஏனோதானோவென்று செய்ததல்ல. செம்மண்ணில் வைக்கோலைக் கலந்து மிதித்து, ஒரு வரிசை சுவர் வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த வரிசை. பனைமரத்தில் விட்டம், அதன்மேல் மூங்கில், குறுக்கே வரிச்சு, கட்டுவதற்குப் பனைநார். ஓலையையோ கரும்புத் தோகையையோ கீழிருந்து மேலாக அடுக்கி வேய்வார்கள். மேல் வரிசையில் விழும் மழை கீழ் வரிசையின் மேலேயே வழிந்து போய்விடும். கூரையின் நுனி இடுப்பளவு தாழ்ந்திருக்கும். குனிந்துதான் நுழையணும். மண்சுவரைச் சாரல் கரைக்காமல் இருக்கத்தான் அந்தத் தாழ்வு. அடுப்புப் புகை ஓலை வழியே கசிந்து வெளியேறும்போது பூச்சிகளையும் விரட்டிவிடும். இருந்தும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து மறுபடி வேயணும்.

இப்படியான ஒரு கூரையின் கீழ் குடியேற, சேலத்தில் பேர்பெற்ற ஒரு வக்கீல் தன் பங்களா வாழ்க்கையை விட்டு வந்தார். ராஜாஜி. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925 பிப்ரவரி 6ஆம் தேதி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது அவருக்கு வயது 46. ஜமீன்தார் நிலம் கொடுத்தார். தொடங்கி வைத்தவர் ஈ.வெ.ரா. அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார். ஆசிரமம் தொடங்கிய அடுத்த மாதமே, மார்ச்சில், காந்தி அங்கே வந்துபோனார். மழை பொய்த்த ஊர்களில் பெண்களுக்கு நூற்புக் கூலி கிடைத்தது. 1929இல் மதுவிலக்குக்காக 'விமோசனம்' இதழ் இங்கிருந்துதான் வந்தது. ராஜாஜியோடு அதில் உழைத்தவர் கல்கி.

ஆசிரமத்தில் தலித்துகளும் சேர்ந்து வாழ்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. வக்கீல் ஓலைக்கூரைக்குக் கீழே வந்ததைத் தியாகம் என்று மெச்சிய ஊருக்கு, அந்தக் கூரைக்குக் கீழே யார் யார் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லணும். ராஜாஜி ஓலைக்கூரையைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்க வழியில்லாதவர்கள் எத்தனையோ பேர். தீண்டப்படாதவர்கள் ஓட்டுவீடு கட்டினால் குற்றம் என்று கிராமங்கள் வைத்திருந்த விதியை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். ஒருவருக்கு எளிமையாக இருந்த அதே கூரை, இன்னொருவருக்குச் சாதி விதித்த எல்லை.

ஓலைக்கூரையின் கதையில் நெருப்பும் உண்டு. 1968இல் கீழவெண்மணியில் உயிர் பிழைக்க ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை அதோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியின் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் செத்துப்போனார்கள். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்றானது. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றத் தொடங்கியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்து மழை ராத்திரியைக் கழித்தவர்களுக்குத் தெரியும், கான்கிரீட் என்றால் என்னவென்று.

ஆனால் கோயிலைப் போல, கோட்டையைப் போல ஒரு சாளையைப் பாதுகாக்க முடியாது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஓலை எங்கேயும் மிச்சமிருக்காது. வேயத் தெரிந்த கை இருக்கும்வரைதான் சாளை இருக்கும். எங்க தோட்டத்துச் சாளைக்குக் கடைசியாக வேய்ந்த பெரியவர் போனபின் வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது தகரக்கொட்டாய் நிற்கிறது. மத்தியானத்தில் அதற்குள் மாடுகூட நிற்பதில்லை.