கோப்பு போய்ச்சேராத காலம்

வட்ஸ்அப்பில் படத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாயிருக்கும். தொலைபேசிக் கம்பியில் இரண்டு கணினிகள் தொடுத்துக்கொண்ட பிறகும், ஒரு கோப்பு முழுசாய்ப் போய்ச்சேருமோ என்று தெரியாத காலம் ஒன்று இருந்தது.

1977இல் வார்ட் கிறிஸ்ரென்சன் என்ற அமெரிக்கர் எழுதிய நிரலில் இருந்துதான் எக்ஸ்மொடெம் வந்தது. கோப்பை 128 பைற் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கூட்டுத்தொகையை அனுப்பும். கணக்குப் பிழைத்தால் அதே துண்டைத் திரும்பக் கேட்கும். அது போதாதென்று பிறகு சிஆர்சி என்ற இறுக்கமான சோதனை வந்தது. அப்போ புதியதும் பழையதும் எப்படிப் பேசுவது? பெறுகிற பக்கம் முதலில் 'சி' என்ற எழுத்தைச் சில தடவை அனுப்பிப் பார்க்கும். மறுமொழி இல்லையென்றால் எதிரில் நிற்பது பழசு என்று விளங்கிக்கொண்டு பழைய முறைக்கு இறங்கும். அந்தச் சில விநாடிகளில் "இது வேலை செய்யாது" என்று நிறுத்தினவர்கள் எத்தனை பேரோ!

பெரிய சிக்கல் எட்டாவது பிற்றில் இருந்தது. பெரிய கணினிகளுக்குப் போகும் இணைப்புகள் பல ஏழு பிற்றைத்தான் விடும். வேறு சில, 17, 19 என்ற குறிகளைத் 'தொடர், நிறுத்து' என்ற கட்டளைகளாக எடுத்து விழுங்கிவிடும். திரையில் ஆங்கில எழுத்து அழகாக ஓடும். எக்ஸ்மொடெமில் கோப்பு மட்டும் போகாது.

(எங்கட தமிழுக்கும் இதே கதிதான். திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேலே இருக்கின்றன. எட்டாவது பிற் போனால் தமிழும் போச்சு. பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே குந்தியிருக்கிற பாமினி தப்பிவிடும்.)

1981இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பிராங்க் டா குரூசும் பில் கச்சிங்சும் இதற்குக் கண்ட வழி கேர்மிற். பெயர் மப்பெற் தவளையுடையது. இரண்டு பக்கமும் முதலில் தங்கள் தங்கள் வசதியைச் சொல்லி, இருவருக்கும் இயலுமானதில் உடன்படும். ஆபத்தான குறிகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பும். தொடக்கத்தில் சின்னச் சின்னப் பொதிகள், அதனால் ஆமை வேகம் என்று சிரித்தார்கள். இது அநியாயம். பின்னாளில் நீளமான பொதிகளும், ஒவ்வொரு பொதிக்கும் பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததை அனுப்பும் வசதியும் வந்தன. பழைய அமைப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு தவளையைத் திட்டினவர்கள்தான் கூட.

1986இல் சக் ஃபோர்ஸ்பேர்க் செட்மொடெமைத் தந்தார். கம்பி அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிமிசக் கணக்கில் தொலைபேசிக் காசு கட்டினவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதற்கும் எட்டுப் பிற் வேண்டும். ஏழு பிற் வழி என்றால் திரும்பவும் தவளையிடம்தான் போகவேண்டியிருந்தது.