வடித்து ஊற்றுவதா, அலசி மாற்றுவதா?

கார் எஞ்சினின் பழைய கூலன்ட்டை மாற்ற மெக்கானிக் ஷெட்டில் இரண்டு வழி சொல்வார்கள். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டுப் புதிதை ஊற்றுவது ஒன்று. தண்ணீர் விட்டு எஞ்சின்வரை அலசிவிட்டு மாற்றும் ஃப்ளஷ் இன்னொன்று. ஃப்ளஷ்ஷுக்குக் கூலி கூட. அதனாலேயே அதுதான் உசத்தி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

வடிப்பதில் ரேடியேட்டரில் இருப்பது மட்டுமே இறங்கும். எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் உள்ளது அங்கேயே தங்கிவிடும். 6 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 3 லிட்டர் வடிந்தால் பாதி பழசு. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் கால் பங்குதான் மிஞ்சும். காலாகாலத்தில், ஒரே வகையை ஊற்றி வந்த வண்டிக்கு இது தாராளமாகப் போதும்.

போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய செகண்ட் ஹாண்ட் வண்டியின் கதை வேறு. மூடியைத் திறந்தால் செம்மண் கரைசல்போல் இருக்கும். உள்ளே உப்புப் படிவு. சிலிகேட் சேர்ந்த பழைய வகையோடு ஆர்கானிக் ஆசிட் வகையைக் கலந்திருந்தாலும் சிக்கல்தான்: ஆயுள் குறையும், சில சமயம் கூழாகவும் ஆகும். நிறத்தை வைத்து வகையைச் சொல்ல முடியாது. பச்சையும் சிவப்பும் அவரவர் கம்பெனி இஷ்டம். இத்தகைய வண்டிக்கு ஃப்ளஷ் செய்தே ஆக வேண்டும். ஆனால் துருவேறிய ரேடியேட்டரில் கடுமையான கெமிக்கல் விட்டால், ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த படிவும் போய் ஒழுகத் தொடங்கலாம்.

முறையான ஃப்ளஷ்ஷுக்குப் பொறுமை வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடேறும். அதற்கு முன்பே வடித்தால் ரேடியேட்டரை மட்டும் கழுவியதாகத்தான் கணக்கு. பிறகு நன்றாக ஆறவிட்டு வடித்து, தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். அதே 6 லிட்டர் வண்டியில், அலசி வடித்த பின்னும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் 3 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கும். கடையில் வாங்கிய ரெடி மிக்ஸில் ஏற்கெனவே பாதி தண்ணீர். அதில் 3 லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கூலன்ட் கால் பங்குதான். உறைபனி இல்லாத நம் ஊரில் அதனால் என்ன என்று கேட்கலாம். துருவைத் தடுக்கும் மருந்தும் அதே அளவில்தானே நீர்த்துப்போகிறது! ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட்டை 3 லிட்டர் ஊற்ற வேண்டும். பாதிக்குப் பாதி சரியாக வரும். வடித்து மட்டும் ஊற்றுபவருக்கு ரெடி மிக்ஸே சரி.

எந்த வழியானாலும் சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கும் திரவம், திறந்த நொடியில் முகத்தில் சீறும். நிரப்பிய பின் ஏர் லாக் எடுத்து, மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கழிவைப் பார்த்தாலும் வடிப்பதுதான் எளிது: ஒரு கேனில் அடங்கிவிடும். ஃப்ளஷ்ஷில் வாளி வாளியாக வரும். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தெருவில் விட்டால் நாய் நக்கும். ஷெட்டில் அதைச் சாக்கடையில் கொட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டே வண்டியை விடுங்கள்.