டிஎஸ்எல்ஆரில் இருந்து மிரர்லெஸ்: மாறும் முன் என்ன பார்க்க வேண்டும்?

திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கல் விழாவைப் படமெடுக்க, புது மிரர்லெஸ் கேமராவோடு கிளம்புகிறீர்களா? முதலில் பேட்டரியை எண்ணுங்கள்.

நிக்கான் டி750, ஒரு சார்ஜில் 1,230 படங்கள் எடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 2018இல் வந்த இஸட்6-இல் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுத்தால் 310 தான். உள்ளே கண்ணாடி இல்லை. நீங்கள் பார்க்கும் நேரமெல்லாம் சென்சாரும் குட்டித் திரையும் ஓடிக்கொண்டே இருக்கும். மடமடவென்று எடுத்தால் இதைவிட நிறையவே வரும். ஆனாலும் கூடுதல் பேட்டரி இல்லாமல் போகாதீங்க.

பெரிய செலவு லென்ஸில் இருக்கிறது. பழைய நிக்கான் லென்ஸ்களை எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் மாட்டலாம். ஆனால் அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பலரிடமும் இருக்கும் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால் திருக வேண்டியதுதான். லென்ஸில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருந்தால் கவலை இல்லை. கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள் அடாப்டருக்குப் பணம் கட்டும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பொங்கல் அடுப்புப் புகைக்கு நடுவே லென்ஸ் மாற்றவே வேண்டாம். இஸட்6-இல் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும், சாம்பல் நேராகப் போய் ஒட்டும்.

சத்தமில்லாத ஷட்டர் கச்சேரிக்கு வசதி. ஆனால் மண்டப விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். மேடை எல்இடி சிலவற்றுக்கு அதுவும் போதாது. அப்போது மெக்கானிக்கல் ஷட்டர்தான்.