பல கணக்குத் தடை (இணைய விளையாட்டு)

இணைய விளையாட்டில் ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்று நடத்துவோர் விதிக்கும் நிபந்தனையும், அதை மீறுவோரைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கும் முறைகளும் பல கணக்குத் தடை எனப்படும். சதுரங்கத்திலும் போர்க்கள ஆட்டங்களிலும் இந்நிபந்தனை உண்டு. ஆயினும் பணம் வைத்து ஆடிய ரம்மியில்தான் இதன் மீறல் பிறர் சட்டைப்பையை நேராகத் தொட்டது.

ஆறு பேர் அமரும் ரம்மி மேஜையில் இரண்டு இடங்களை ஒருவரே வெவ்வேறு பெயரில் பிடித்துக்கொண்டால், மற்றவர்கள் தத்தம் 13 சீட்டுகளை வைத்து அனுமானம் செய்துகொண்டிருக்க, அவர் மட்டும் 26 சீட்டுகளைப் பார்த்து ஆடுகிறார். எந்தச் சீட்டுக்குக் காத்திருப்பது வீண் என்பது அவருக்கு ஓரளவு விளங்கிவிடுகிறது. இரண்டு இடங்களும் அடுத்தடுத்து அமைந்துவிட்டாலோ, வேண்டிய சீட்டைத் தாமே இறக்கித் தாமே எடுத்துக்கொள்கிறார். மோசமாக வந்த கையைத் தொடக்கத்திலேயே ‘டிராப்’ செய்து 20 புள்ளி நஷ்டத்தோடு விலக்கிவிட்டு, நல்ல கையை நிதானமாக ஆடவும் அவருக்கு வசதி இருக்கிறது. எதிரே இருப்பவர்கள் இதை மோசடி என்று அறியாமல், தங்களுக்கு அதிர்ஷ்டமில்லை என்று நொந்துகொண்டு மேலும் பணம் கட்டுவார்கள் என்பதே இதிலுள்ள பெருங்கொடுமை.

இதைக் கண்டறிய நடத்துவோர் கைக்கொள்ளும் அடையாளங்கள் பல: இணைய முகவரி, கைப்பேசியின் தனிக்குறிகள், பணம் போய்வரும் வங்கிக் கணக்கு, இரு பெயர்களும் எப்போதும் ஒரே மேஜையில் கூடும் வழக்கம், ஒன்று மற்றொன்றிடம் காரணமின்றித் தோற்கும் விநோதம். இவற்றுள் முன்னிரண்டும் சாதனத்தைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டா.

ஆளையே நேரில் அறிய முற்பட்டது தமிழ்நாடு. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், 2025 பிப்ரவரியில் வெளியிட்ட விதிகளில், பண ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஆதார் மூலம் சரிபார்க்கப்பட வேண்டும் என்றும், ஆதாருடன் இணைந்த தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணால் அது மீண்டும் உறுதிசெய்யப்பட வேண்டும் என்றும், 18 வயது நிரம்பாதவருக்கு இடமில்லை என்றும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்றும் கட்டளையிட்டது. ஆதார் நிபந்தனை அந்தரங்க உரிமைக்கு விரோதமென்று நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை, நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2025 ஜூன் 3ஆம் நாள் தள்ளுபடி செய்தது. எனினும் தாயாரின் ஆதாரில் மகன் ஆடுவதை எந்த ஆவணமும் முழுமையாகத் தடுத்துவிடாது. சீனத்தில் 2021இல் சிறுவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரமே ஆட்டம் என்று வரம்பு கட்டியபோது, பெரியவர்களின் கணக்குகளை வாடகைக்கு எடுக்கும் வியாபாரம் தலையெடுத்தது.

பிற நாடுகளிலும் அனுபவம் இவ்வாறே. 2007இல் போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனத்தின் உலக இணையப் போக்கர் போட்டியில், பிரதான ஆட்டத்தை வென்ற கணக்கே விதிமீறலுக்காகத் தகுதி இழந்தது. வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில், டோட்டா 2 ஆட்டத்தில் திறமையை மறைத்துப் புதியவர்களோடு மோதிய 90,000 துணைக் கணக்குகளை நீக்கியதாக அறிவித்து, முதன்மைக் கணக்குக்கும் இனித் தண்டனை உண்டு என எச்சரித்தது. ஒருவருக்காக மற்றொருவர் ஆடி நிலை உயர்த்தித் தரும் தொழிலைத் தென் கொரியா 2019 முதல் குற்றமாகவே ஆக்கியுள்ளது.

தண்டனை பெரும்பாலும் கணக்கு முடக்கமும் இருப்புத் தொகைப் பறிமுதலுமாக இருப்பதால், பிழையான தீர்ப்பின் பாரம் எளியவர்மீதே விழுகிறது. தில்லி ஜங்புராவில் பாராபுலா கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகள் இருந்து, நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்ட மதராசி கேம்ப் போன்ற நெருக்கமான தமிழர் குடியிருப்பில், ஒரு கைப்பேசியில் அண்ணனும் தம்பியும் மாறி மாறிச் சதுரங்கம் ஆடுவதில் வியப்பென்ன? போதாக்குறைக்கு, கைப்பேசி நிறுவனங்களே ஒரே இணைய முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஆளுக்கொரு கருவி வாங்க வசதியுள்ள குடும்பத்தின்மேல் விழாத சந்தேகம், வசதியற்ற குடும்பத்தின்மேல் விழுவது நியாயமாகாது. ஆகவே முடக்குவதற்கு முன் காரணத்தைத் தெரிவிப்பதும், பதில் கூற அவகாசம் தருவதும், இயந்திரத்தின் முடிவை மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்வதும் இத்தடையின் பிரிக்கமுடியாத அங்கங்களாக வேண்டும்.

2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பண ஆட்டங்களையே விலக்கிவிட்டதால், ரம்மி மேஜைகள் மூடப்பட்டன. சதுரங்கத்திலும் மின்விளையாட்டுப் போட்டிகளிலும் பிரச்சினை நீடிக்கிறது. இணைய இடைநிலை நிறுவனங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து அவரது விவரத்தை வெளியிட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் கூறுகின்றன. ஒரே கருவியைப் பங்கிட்டுக்கொண்டமைக்காகக் கணக்கு முடக்கப்பட்டவர்கள், வீட்டில் ஆடுவோர் யார் யார் என்பதற்கான சான்றுகளோடு அவ்வதிகாரிக்கு எழுத்து மூலம் முறையிடுவது நல்லது.