மாகி: தைப்பொங்கல் நாளில் தாரு மக்களின் புத்தாண்டு

தை பிறக்கும் காலையில் திருகோணமலையின் சல்லி போன்ற கரையோரக் கிராமங்களில் நாம் பொங்கல் பானை வைக்கிறோம். அதே காலையில் நேபாளத்தின் மேற்குச் சமவெளியில் தாரு மக்கள் ஆற்றில் நீராடிப் புத்தாண்டை வரவேற்கிறார்கள். மாகி என்பது அந்தப் பண்டிகையின் பெயர். சூரியன் மகர ராசிக்குள் புகும் ஜனவரி 14 அல்லது 15ஆம் திகதி, நேபாள நாட்காட்டியின் மாக மாத முதல் நாளாக அது வருகிறது.

யார் இந்தத் தாருக்கள்?

இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியின் பழங்குடிகள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி நேபாளத்தில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர், அதாவது சனத்தொகையில் 6.2 வீதம். டாங், பாங்கே, பர்தியா, கைலாலி, கஞ்சன்பூர் ஆகிய மேற்கு மாவட்டங்களில் மாகி மிகப் பெரிய பண்டிகை.

கொண்டாட்டம்

முதல் நாள் பன்றி அறுத்து, இரவு முழுக்கப் பாடி ஆடுவார்கள். விடியலில் நீராடியபின் பெரியவர்களை வணங்கி ஆசி பெறுவார்கள். அரிசி, பருப்பு, உப்பு எடுத்துவைத்து, மணமுடித்துப் போன மகள்மாருக்கும் சகோதரிகளுக்கும் கொடுப்பார்கள். அரிசிமாவைப் பிசைந்து ஆவியில் அவிக்கும் டிக்ரி, எங்கள் கொழுக்கட்டைக்குக் கிட்டிய பலகாரம்.

அடுத்து வருவது ‘கோஜ்னி போஜ்னி’. குடும்பத்தார் ஒன்றாக இருந்து கடந்த ஆண்டின் வரவு செலவு, குறை நிறைகளைப் பேசி, வரும் ஆண்டின் வேலைகளைப் பிரிப்பார்கள். வீட்டுத் தலைமை யாருக்கு என்பதும் அங்கேதான் முடிவாகும். ஊர்க்கூட்டம் கூடி ஊர்த்தலைவரைத் தெரிவு செய்யும். பர்தியாவில் அவரைப் பர்கர் என்பார்கள். வாய்க்கால் திருத்துவது, வழக்குத் தீர்ப்பது அவர் பொறுப்பு.

அடிமை ஒப்பந்த நாள்

இதே மாகிதான் பல குடும்பங்களுக்குத் துயர நாளாகவும் இருந்தது. 1950கள், 60களில் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டதும் மலைநாட்டவர் பெருமளவில் தராயில் குடியேறினார்கள். காணி உறுதி இல்லாத தாருக்கள் பரம்பரை நிலத்தை இழந்து, கடனுக்காக நிலவுடைமையாளரிடம் ‘கமையா’ என்ற கொத்தடிமைகள் ஆனார்கள். ஒவ்வொரு மாகியிலும் அடுத்த ஓராண்டுக்கான ஒப்பந்தம் வாய்மொழியாகப் பேசப்பட்டது. தகப்பனின் கடன் மகனுக்கு இறங்கியது. பெண்பிள்ளைகள் ‘கம்லரி’ என்று வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

2000 ஜூலை 17இல் அரசு கமையா முறையை ஒழித்தது. விடுதலையானவர்களில் பலர் இருந்த குடிசையிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, வாக்களித்த காணிக்காக முகாம்களில் காத்திருந்தார்கள். கம்லரி முறை ஒழிக்கப்பட்டதாக 2013இல்தான் அறிவிக்கப்பட்டது.

யுத்தமும் காணாமல் ஆக்கப்பட்டோரும்

1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் தாருக்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பர்தியா பற்றி ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2008 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 170 பேர் காணாமல் ஆக்கப்பட்டதை ஆராய்ந்தது. அவர்களில் 156 பேர் அரச தரப்பாலும் 14 பேர் மாவோவாதிகளாலும் கொண்டு செல்லப்பட்டவர்கள். அம்மாவட்டத்தில் தாருக்கள் பாதியளவினர். ஆனால் அரச தரப்பு கொண்டுசென்றவர்களில் 85 வீதத்துக்கு மேற்பட்டோர் அவர்களே.

காணாமல் ஆக்கப்பட்டோரை விசாரிக்க 2015இல் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. முறைப்பாடுகள் பதியப்பட்டன, பதில்தான் வரவில்லை. 2017 முதல் வடக்கு கிழக்கில் வீதியோரத்தில் போராடிவரும் எமது தாய்மாருக்கு இது புதிய கதையல்ல.

இன்று மாகி நேபாளத்தில் பொது விடுமுறை. காத்மண்டுவின் துண்டிகேல் மைதானத்திலும் தாருக்கள் கூடி ஆடுகிறார்கள். ஒரு காலத்தில் அவர்களின் உழைப்பை விலைபேசிய நாள், இப்போது உரிமைக் கோரிக்கைகளை முன்வைக்கும் நாளாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் ஆளை இழந்த வீடுகளில், கோஜ்னி போஜ்னிக்கு இருக்கும்போது எண்ணிக்கை இன்னமும் குறைகிறது.